சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்

மார்ச் 19, செவ்வாய்

தேர்தல் தேதியை டி.வி.யில் சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. ரைட்டர் முத்துவீரன். "பொன்னுத்துரை சார், துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க. மேலிடத்து உத்தரவு." குரலில் என்ன ஒரு குதூகலம்!

ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்துதான். வாழைத் தோட்டத்தில் பன்றி விரட்டுவதற்காகக் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அது. அதை வைத்துக்கொண்டு இந்தப் பூலாமலையில் எந்தப் பூத்தை நான் பிடிக்கப் போகிறேன்? பன்றியைச் சுட்டால் வனத்துறை கேஸ் போடும். வானத்தைப் பார்த்து வெடித்தால் பன்றியே சிரிக்கிறது. இந்த அழகில் அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆனால் ஒப்படைக்காமல் இருக்க நான் என்ன முட்டாளா? ஒரு நாள் தாமதம் செய்தால் போதும், லைசென்ஸை ரத்து செய்ய எழுதிவிடுவான். அதற்குத்தான் காத்திருக்கிறான்.

மார்ச் 20, புதன்

ஒப்படைத்தாயிற்று. ரசீது வாங்கி, அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸில் தேதி போட்டு வைத்தேன். போலீஸோடு பழகுவதற்கு எனக்கென்று சில விதிகள் உண்டு. பேசியவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரிஜினலைக் கையை விட்டு விடக்கூடாது. ஸ்டேஷனில் டீ கொடுத்தால் குடிக்கக் கூடாது. யூனியன் ஆபீஸில் ரிட்டயர் ஆகும் வரை வேலை பார்த்தவன் நான். சட்டம் தெரிந்தவனை இவர்களுக்குப் பிடிக்காது.

வரிசையில் எனக்குப் பின்னால் கீழ்த்தோட்டத்துச் சகாயராசு நின்றான். அவனுடையதும் என்னுடையது மாதிரியே ஒற்றைக்குழல் துப்பாக்கி. மதுரையில் ஒரே கடையில் வாங்கியவை. துப்பாக்கியை வெறுமனே தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறான்!

"ஏம்ப்பா, சட்டம் தெரியுமா உனக்கு? நம்ம லைசென்ஸ் தோட்டத்துக்குள்ளதான் செல்லும். வெளிய எடுத்தா தோட்டா இருக்கக்கூடாது, உறைக்குள்ள இருக்கணும், லைசென்ஸ் புத்தகம் பைல இருக்கணும். அதுவும் ஒப்படைக்க, ரிப்பேருக்கு, இதுக்கு மட்டுந்தான். புத்தகத்துல ஒரு நம்பர், துப்பாக்கில ஒரு நம்பர்னா உள்ள போக வேண்டியதுதான்."

"சரிங்கண்ணே. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை. சிரித்திருப்பான். போன வருடம் எல்லைக் கல் நகர்ந்த விஷயத்தில் இவன்மேல் எனக்கு இன்னமும் சந்தேகம் இருக்கிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்தும் மூடுபனி விடவில்லை. காலை பத்து மணிக்கும் காப்பிச் செடிகள் புகைக்குள் நிற்கிற மாதிரி இருக்கின்றன. தனபாக்கியத்திடம் சொன்னேன். "பனியா? எங்கங்க?" என்கிறாள். நாற்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், இவளுக்கு எதையும் கவனிக்கிற பழக்கமே கிடையாது.

மே 9, வியாழன்

பன்றி இறங்கி மேட்டு வாழையை உழுதுவிட்டுப் போயிருக்கிறது. முப்பது கன்றுக்கு மேல் போச்சு. துப்பாக்கி ஸ்டேஷனில் சுகமாக உறங்குகிறது.

பேப்பர்காரர்கள் மையைக் குறைத்துவிட்டார்கள். செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. தலைப்பு தவிர எதையும் படிக்க முடியவில்லை. ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுத வேண்டும்.

மே 22, புதன்

லைசென்ஸ் இந்த ஆண்டு முடிவில் காலாவதி ஆகிறது. புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம். உடம்பு, மனநிலை, பார்வை, எல்லாவற்றுக்கும். இது யார் கிளப்பிவிட்ட வேலை என்று எனக்குத் தெரியும். துப்பாக்கிகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

தனபாக்கியம் இதுதான் சாக்கு என்று ஆரம்பித்தாள். "வத்தலக்குண்டுல கண் முகாம் நடக்குது. ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருவோமே." முகாமில் ஆள் பிடித்துக் கணக்குக் காட்டுகிறார்கள். இது கூடவா தெரியாது இவளுக்கு? என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சோற்றில் கல் கிடந்தது. பொறுக்காமல் போட்டிருக்கிறாள்.

ஜூன் 10, திங்கள்

தேர்தல் முடிவு வந்த பிறகும் இவ்வளவு நாள் இழுத்தடித்துவிட்டு இன்றைக்குத்தான் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். மலையில் உள்ள லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முத்துவீரன் ஒரு கையில் போனும் ஒரு கையில் பேனாவுமாகப் பறந்துகொண்டிருந்தான். துப்பாக்கிகளை பெஞ்சில் அடுக்கி வைத்திருந்தான். கட்டியிருந்த அட்டைகள் பாதி அறுந்து கீழே கிடந்தன. இதுதான் இவர்கள் பாதுகாக்கிற லட்சணம்.

ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். "சார், குழல்ல நம்பரப் படிங்க, நான் டிக் பண்ணிக்கிறேன்." ஸ்டேஷனில் விளக்கு மங்கல். ஆனால் என் நம்பர் எனக்குத் தெரியாதா? "நாலு ஏழு ரெண்டு ஒன்பது" என்றேன். "கரெக்ட். எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றான். 'எண்ணைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீ கொடுத்தான். குடிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

துப்பாக்கிக்கு எண்ணெய் போட எடுத்தேன். கைக்கு ஏதோ போல் இருக்கிறது. துப்பாக்கியின் மரக்கட்டையில் என் கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு சிறு விரிசல் உண்டு. அதைக் காணோம். ஒப்படைத்த இடத்தில் யாராவது கட்டையை மாற்றியிருக்க வேண்டும். நல்ல தேக்கு, எவன் கண்ணை உறுத்தியதோ.

ஜூன் 12, புதன்

தனபாக்கியத்துக்குப் படிக்கத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாமே என்று குழலைக் காட்டி நம்பரைக் கேட்டேன். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, "மூணு எட்டு அஞ்சு ஆறு" என்றாள்.

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாக்குறேன். மூணு எட்டு அஞ்சு ஆறு. உங்களுது இது இல்லையா?"

அவளுக்குத்தான் கண்ணாடி வேண்டும் என்று சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். துப்பாக்கியை எடுத்து பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

பொழுது சாயும் நேரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்றான். கையில் நீளமாக ஏதோ, கடப்பாரையாக இருக்கலாம். மிளகு திருடுகிற கூட்டம் போன மாதம் பக்கத்து மலை வரைக்கும் வந்தது. குரல் கொடுத்தான். காற்றில் ஒன்றும் புரியவில்லை. துப்பாக்கியை எடுத்துவந்து தோட்டா போட்டுக் குறி வைத்தேன். "யார்ரா அது? நின்ன, சுட்டுப்புடுவேன்!" என்றேன். பயல் ஓடிவிட்டான். துப்பாக்கி இருக்கிற வீடு என்று நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மரியாதை.

தனபாக்கியம் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

சகாயராசுவைப் பிடித்துவிட்டார்கள்! காலையில் பால்காரர் வந்து சொன்னார். துப்பாக்கியோடு மலையிறங்கும்போது வனத்துறை செக்போஸ்டில் மாட்டியிருக்கிறான். லைசென்ஸில் இருக்கிற நம்பர் வேறு, கையில் இருந்த துப்பாக்கியின் நம்பர் வேறு. அன்றைக்கு வரிசையில் நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

சாயங்காலம் முத்துவீரன் பைக்கில் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே பேசினான்.

"சார், சகாயராசுகிட்ட இருந்த துப்பாக்கில உங்க நம்பர் இருக்கு. உங்க துப்பாக்கி உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"நம்பர் பாத்து வாங்குனீங்கள்ல?"

"பாத்து, படிச்சு, எழுதிக் குடுத்துத்தான் வாங்குனேன். உங்களுக்குத்தான் தெரியுமே."

"அதான் சார். அதத்தான் புது எஸ்.ஐ. அம்மா எழுதி வாங்கியாரச் சொன்னாங்க." ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டான். துப்பாக்கியைக் காட்டச் சொல்வான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போகிற அவசரத்தைப் பார்த்தால் கேட்க அவனுக்கு இஷ்டமும் இல்லை என்று தோன்றியது. ஏன்?

என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டதற்கு அவன் வாசித்தே காட்டினான். என் துப்பாக்கி என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று. அப்படியானால் சகாயராசு கையில் இருந்தது என் நம்பரைக் கள்ளத்தனமாகப் பொறித்த இன்னொரு துப்பாக்கி. அவனுடைய சொந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லைக் கல்லை நகர்த்துகிறவன் எதையும் செய்வான்.

ஜூன் 15, சனி

சகாயராசுவை ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

"உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று தனபாக்கியம் கேட்டாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. நம்பர் மாறின துப்பாக்கி நம் வீட்டில் இருக்கிறது என்று இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நானும் உள்ளே போக வேண்டியதுதான். எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாலும் வழியிலேயே குற்றம். வைத்திருந்தாலும் குற்றம். பேசாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதுவும் நம்பர் மாறியிருந்தால்தானே! இவள் சொல்வதை வைத்துக்கொண்டா?

ஜூன் 17, திங்கள்

மழை. பூதக்கண்ணாடி ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

சகாயராசுவின் மனைவி ஆரோக்கியமேரி வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தயாராக நின்றேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்த கேக்கணும். அன்னைக்கு ஸ்டேஷன்ல கடைசியாக் கெடந்த துப்பாக்கிய அவருகிட்டக் குடுத்தாங்க. இது என்னுது மாதிரி இல்லையேன்னு கேட்டாராம். மிச்சம் இருக்கது இதுதான், கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புன்னு ரைட்டர் சொல்லிருக்காரு. வீட்டுக்கு வந்து பகல்ல நம்பரப் பாத்தாரு. இது பொன்னுத்துரை அண்ணனோடதா இருக்கும், ரெண்டும் ஒரே மாதிரிதானன்னாரு. ரோட்டுல கொண்டு போனாப் பிரச்சனை, அண்ணனுக்குச் சட்டம் தெரியும், அவருகிட்டயே மாத்திக்கிட்டு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்னு சொல்லித்தான் இங்க வந்தாரு."

"இங்கயா? எப்ப?"

"வியாழக்கெழம பொழுது சாய. கேட்டுல நின்னு அண்ணே, அண்ணேன்னு கூப்ட்டாராம். நீங்க சுட வந்தீங்களாம்."

நான் கேட் இருந்த பக்கம் திரும்பினேன்.

"அண்ணன் ஏதோ கோவத்துல இருக்காரு, எல்லைக் கல்லு விஷயத்த மனசுல வச்சிருக்காருன்னு அழுதாரு. அதுக்கு அப்புறந்தான் விடிஞ்சதும் ஸ்டேஷன்ல குடுத்துர்றேன்னு கெளம்புனாரு. செக்போஸ்ட்ல புடிச்சிட்டாங்க. நீங்க அவரத் தெரிஞ்சே சுட வந்தீங்களா அண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

தெரிந்து செய்யவில்லை என்று சொன்னால் ஏன் தெரியவில்லை என்று கேட்பாள். தெரிந்துதான் என்று சொன்னால் நான் என்ன மனுஷன்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தனபாக்கியம் அவளோடு கேட்டு வரைக்கும் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

துப்பாக்கியில் அன்றைக்குத் தோட்டா இருந்தது. விரலும் விசைமேல்தான் இருந்தது. அவன் ஓடாமல் இன்னொரு முறை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு கேட்டைத் திறந்திருந்தால் நான் சுட்டிருப்பேன்.

ஜூன் 20, வியாழன்

காலையிலேயே ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. ரூபகலா. சின்ன வயது. மெதுவாகத்தான் பேசுகிறார். அப்படிப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முத்துவீரன் கூட வரவில்லை.

"ஐயா, துப்பாக்கியப் பாக்கலாமா?"

முன் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். "சாதாரணமாத்தான் கேக்குறேன்" என்றார். நான் எழுவதற்குள் தனபாக்கியமே பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். எஸ்.ஐ. குழலை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார். குழலில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"நம்பரப் படிங்க ஐயா."

நல்ல வெயில். மங்கல் விளக்கு என்று சொல்ல முடியாது. மூடுபனி என்றும் சொல்ல முடியாது. ஒரு சாம்பல் பட்டை தெரிந்தது, அதற்கு நடுவில் அவர் விரல். நேற்று ராத்திரி முழுக்க மேரியின் குரல்தான் காதில். ஆனாலும் வாய் பழகிவிட்டது.

"நாலு ஏழு ரெண்டு ஒன்பது" என்றேன்.

தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது.

"ஐயா, நான் விரல் வச்சிருக்க பக்கத்துல நம்பரே இல்ல. வெறும் இரும்புதான். நம்பர் அந்தப் பக்கம் இருக்கு. அதுவும் நீங்க சொன்ன நம்பர் இல்ல."

போலீஸ்காரர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், மடக்குவார்கள், எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வெறும் இரும்பில் விரல் வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"எத்தன நாளா?" என்றார்.

நான் தனபாக்கியம் இருந்த பக்கம் திரும்பினேன். "நீயா கூப்ட்ட இவங்கள?"

"நாந்தான். மேரிகிட்ட போன் நம்பர் வாங்கி எஸ்.ஐ. அம்மாவுக்குப் போன் போட்டேன்" என்றாள். அழுகையிலும் குரல் தெளிவாக இருந்தது. "ஏங்க, ஒரு மனுஷன் உள்ள கெடக்கான். அவனக் கொல்லப் பாத்தீங்க. நாளைக்கு என்னயக் கொல்லுவீங்க. கேட்டு பக்கத்துல நான் நின்னாலும் உங்களுக்கு நான்னு தெரியாது. எனக்குத் தெரியும், ஒரு வருஷமா. சோத்துல கல்லு இல்லங்க, அது மொளகு."

அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

எஸ்.ஐ. உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நான் வாக்குமூலம் கொடுத்தால், அதாவது நம்பரைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னேன், என் கண்ணுக்கு எழுத்துத் தெரிவதில்லை என்று எழுதிக் கொடுத்தால், சகாயராசுவுக்கு உடனே ஜாமீன் கிடைக்கும், கேஸும் நிற்காது. முத்துவீரன் படிக்காமலே டிக் போட்டதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். பதினான்காம் தேதி நான் கொடுத்த கையெழுத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். லைசென்ஸ் ரத்தாகும். "கண்ணுல புரையா இருந்தா ஆபரேஷன் பண்ணிக்கலாம் ஐயா. துப்பாக்கி மட்டும் இனிமே வேண்டாம்."

"இத மட்டும் நீங்க மறுபடி ரோட்டுல கொண்டு வராம இருந்தீங்களே, அது நல்லதாப் போச்சு" என்றும் சொன்னார். அந்தச் சட்டம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதே சட்டத்தைத்தான் சகாயராசுவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதனால்தான் அவன் முதலில் என் கேட்டுக்கு வந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

வாக்குமூலத்தை எஸ்.ஐ. எழுதினார். வாசித்துக் காட்டினார். டைரியில் கை பழக்கத்தில் ஓடும், அடுத்தவர் தாளில் ஓடாது; எங்கே கையெழுத்து என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தனபாக்கியம் போட்ட டீயை இருவரும் குடித்தோம்.

ஜூன் 21, வெள்ளி

சந்தேகப்பட யாரும் இல்லாத நாள். பொழுதே போகவில்லை.

ஜூன் 26, புதன்

சகாயராசு இன்று வெளியே வருகிறான் என்று எஸ்.ஐ. நேற்றே சொல்லிவிட்டார். "நீங்க எதுக்குங்க, அப்புறமா வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றாள் தனபாக்கியம். நான் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே இறங்கினோம்.

சப்ஜெயில் வாசலில் நல்ல கூட்டம். மேரி ஒரு ஓரமாகத் துணிப்பையோடு நின்றிருந்தாள். தனபாக்கியம் அவளிடம் போனாள். நான் வாசலுக்கு நேராக நின்றுகொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். உன்னைத் தெரிந்து குறி வைக்கவில்லை. தெரியாமல் வைத்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு. கல்லை நீ நகர்த்தவில்லை, என் கண்தான் தப்பாகப் பார்த்தது, எனக்கு அது இப்போது தெரிகிறது. இவ்வளவுதான்.

சின்னக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒருவன் குனிந்து வெளியே வந்தான். சகாயராசு உயரம், சகாயராசு நடை. நான் முன்னால் போய் இரண்டு கைகளையும் கூப்பினேன். இந்த வயது வரைக்கும் நான் ஒருவன் முன்னால் கை கூப்பி நின்றது கிடையாது. "தம்பி, மன்னிச்சிருப்பா. உன்ன அந்த எடத்துல நிக்க வச்சது நாந்தான். என் கண்ணுக்கு..." அழுதுவிட்டேன்.

"யாரு பெரியவரே நீங்க?" என்றான் அவன். முன்பின் கேட்டிராத குரல்.

எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று யாரோ சொன்னார்கள். "அண்ணே, நான் இங்க இருக்கேன்."

எப்போது வந்தான், எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தான், தெரியவில்லை. திரும்பினேன். எதிரே ஒரு நிழல். கையை எந்தப் பக்கம் கூப்புவது என்று தடுமாறி நின்றேன். அவன் பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்தான். "படி இருக்குண்ணே, பாத்து" என்றான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தான். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் ஒரு பஸ்ஸில் ஏறினார்கள், நாங்கள் அடுத்ததில் ஏறினோம்.

மலை ஏறும்போது தனபாக்கியத்திடம் கேட்டேன். "அவன் முகத்துல என்ன இருந்துச்சு? கோவமா? இல்ல, மன்னிச்சிட்டானா?"

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மூன்று வளைவுகள் தாண்டின. இன்னொரு முறை கேட்டேன். அவள் சொல்லவில்லை.